சோபிதா துலிபாலா: ராம்ப் மேடையில் இருந்து ‘வானதி’ வரை... ஒரு மாடல் நடிகையாவது எப்படி?

‘பொன்னியின் செல்வன்’ படத்தில் நந்தினி, குந்தவை, வானதி மூவருக்கும் கதைக்கு வெளியே ஒரு ஒற்றுமை இருக்கு. கவனிச்சீங்களா?

நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராய், 1994ல் உலக அழகி. குந்தவையாக நடித்த த்ரிஷா, 1999ல் மிஸ் சென்னை. வானதியாக நடித்த சோபிதா துலிபாலா, 2013ல் மிஸ் இந்தியா எர்த். மூன்று பேருமே அழகிப் போட்டி, மாடலிங் வழியாக நடிக்க வந்தவர்கள்.

"அழகா இருந்தா சினிமா சான்ஸ் தானா வரும்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய பேர். ஆனா சோபிதாவின் கணக்கு வேற மாதிரி. மகுடம் சூடியதில் இருந்து முதல் படம் திரைக்கு வர 3 ஆண்டுகள். "யார் இந்தப் பொண்ணு?" என்று நாடு முழுக்க கேட்க வைத்த வேடம் கிடைக்க 6 ஆண்டுகள். தமிழ் ரசிகர்கள் அவரைப் பார்க்க 9 ஆண்டுகள்.

இந்த இடைவெளியில் என்ன நடந்தது? மாடலிங்கில் கற்ற எது நடிப்புக்கு உதவும், எது இடைஞ்சல்? சினிமாவை விட வெப் சீரிஸ் ஏன் சிலருக்குக் கை கொடுக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சோபிதா?

ஆந்திராவின் தெனாலியில் 1992ல் பிறந்தவர் சோபிதா. தெனாலிராமன் பெயரோடு சேர்ந்து நமக்குத் தெரியுமே, அதே தெனாலிதான். வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். பரதநாட்டியம், குச்சிப்புடி இரண்டும் கற்றவர்.

படிப்புக்காக மும்பை போனார். அங்கே எச்.ஆர். காலேஜில் சேர்ந்தார். குடும்பத்தில் சினிமாக்காரர்கள் யாரும் கிடையாது. 2024 டிசம்பரில் நாக சைதன்யாவைத் திருமணம் செய்த பிறகு ‘நாகார்ஜுனா வீட்டு மருமகள்’ என்றே பல செய்திகள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் இந்தி, தெலுங்கு, மலையாளம், தமிழ், ஆங்கிலம் என ஐந்து மொழிப் படங்களில் நடித்து முடித்திருந்தார்.

அழகிப் போட்டிக்குப் பிறகு என்ன நடக்கும்?

2013 ஃபெமினா மிஸ் இந்தியா போட்டியில் நவ்நீத் கவுர் தில்லானுக்கு முதல் இடம். சோபிதாவுக்கு அடுத்த இடம். மிஸ் இந்தியா எர்த் பட்டத்தோடு, அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மிஸ் எர்த் சர்வதேசப் போட்டிக்குப் போனார். அங்கே மகுடம் கிடைக்கவில்லை. அடுத்து 2014 கிங்ஃபிஷர் காலண்டரில் இடம் கிடைத்தது. மாடலிங் உலகில் அது பெரிய அடையாளம். தீபிகா படுகோனும் சினிமாவுக்கு வரும் முன்பு 2006ல் இதே காலண்டரில் வந்தவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அழகிப் போட்டி என்பது வேலை இல்லை, ஒரு விசிட்டிங் கார்டு மாதிரி. கதவைத் தட்ட உதவும், அவ்வளவுதான். மகுடத்தின் வெளிச்சம் அதிகபட்சம் ஒரு வருஷம். அடுத்த வருஷம் புது மகுடம், புது முகம். அதற்குள் வேலை பிடிக்க வேண்டும்.

மாடலுக்குக் கிடைக்கும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ராம்ப் வாக்: டிசைனரின் உடையை மேடையில் நடந்து காட்டுவது.

பிரிண்ட், கேட்டலாக்: ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கான போட்டோக்கள்.

விளம்பரப் படம்: சோப்பு முதல் கார் வரை, சில வினாடிகளில் ஓடும் வீடியோ விளம்பரங்கள்.

முதல் இரண்டிலும் வாய் திறக்கவே தேவையில்லை. மூன்றாவதில்தான் கொஞ்சமாவது ‘நடிக்கணும்’. அதனால்தான் சினிமா ஆசை உள்ள மாடல்கள் விளம்பர ஆடிஷன்களில் வரிசை கட்டுவார்கள். சோபிதாவும் அந்த வரிசையில் நின்றார்.

"கலர் பத்தாது": ஆடிஷன் அறையில் நடப்பது

விளம்பர ஆடிஷன் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு சின்ன அறை. ஒரு கேமரா. வெளியே பல பேர் காத்திருப்பார்கள். உள்ளே போனதும் பெயர், உயரம் சொல்லணும். நேராக ஒரு பார்வை, இடது பக்கம், வலது பக்கம். பிறகு ஒரு வரி வசனம், அல்லது ‘சோப்பு வாசம் பிடிச்சு சிரிங்க’ மாதிரி ஒரு சின்ன சூழல். சில நிமிஷத்தில் முடிஞ்சிடும். தேர்வானால் போன் வரும். இல்லைன்னா எதுவுமே வராது. ஏன் வேண்டாம்னாங்க என்ற காரணமும் பெரும்பாலும் தெரியாது.

சோபிதாவுக்கு சில சமயம் காரணம் நேராகவே சொல்லப்பட்டது. விளம்பர ஆடிஷன்களில் ‘வெள்ளையா இல்லை’, ‘அந்த அளவுக்கு அழகா இல்லை’ என்று முகத்துக்கு நேராகவே சொன்னதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசிச்சுப் பாருங்க. தேசிய அழகிப் போட்டியில் இரண்டாவது இடம் பிடித்த பெண்ணிடம் சொன்னது இது.

அந்தக் காலகட்டத்தையும் கவனிக்கணும். நிறத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ பிரசாரம் சென்னையைச் சேர்ந்த ஓர் அமைப்பால் 2009ல் தொடங்கப்பட்டது. 2013ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்த பிறகு நாடு முழுக்கப் பேசப்பட்டது. கருப்பாக இருப்பவர்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதிமுறை கொண்டு வந்தது 2014ல். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கியது 2020ல்தான். ஆக, சோபிதா ஆடிஷன் அறைகளில் நின்ற ஆண்டுகளில், விதி மாறத் தொடங்கியிருந்தது, பழக்கம் மாறவில்லை.

மாடலிங்குக்கும் நடிப்புக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே கேமரா முன்னாடி நிற்கிற வேலைதானே என்று தோணும். ஆனால் மாடலிங்கில் பழகிய பல விஷயங்களை நடிக்க வரும்போது மறக்க வேண்டியிருக்கும்.

பார்வை: மாடல் கேமராவை நேராகப் பார்க்கணும். போட்டோ எடுப்பவர் ‘லென்ஸைப் பாருங்க’ என்பார். நடிகர் கேமராவைப் பார்க்கவே கூடாது. எதிரில் நிற்பவரைப் பார்க்கணும். எதிரில் யாரும் இல்லாவிட்டாலும், இருப்பது போல அந்த இடத்தைப் பார்க்கணும்.

முகம்: ராம்ப் மேடையில் முகத்தில் உணர்ச்சி குறைவாக இருப்பது நல்லது. பார்ப்பவர் கண் உடையின் மேல் போகணும் இல்லையா? நடிப்பில் அப்படியே தலைகீழ். எதிரில் இருப்பவர் பேசும்போது அதைக் கேட்கிற முகம்தான் பாதி நடிப்பு.

ஆங்கிள்: தனக்கு எந்தப் பக்கம் அழகு என்று ஒவ்வொரு மாடலுக்கும் தெரியும். கழுத்தை எவ்வளவு திருப்பணும், தாடையை எவ்வளவு இறக்கணும் என்பது உடம்பில் பதிந்திருக்கும். ஆனால் அழுகிற காட்சியில் அழகாக அழுதால் யாரும் நம்ப மாட்டார்கள். மூக்கு சிவக்கணும், முகம் கோணணும். அழகை விட்டுக்கொடுக்கத் துணிவு வேணும்.

நேரம்: போட்டோவுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி சரியா இருந்தால் வேலை முடிந்தது. நடிப்பில் ஒரு காட்சியை இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடிக்கணும். அதையே வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பச் செய்யணும். முதல் டேக்கில் எந்த வார்த்தைக்கு டீ கிளாஸைத் தூக்கினாரோ, கடைசி டேக்கிலும் அதே வார்த்தைக்குத் தூக்கணும்.

அப்போ மாடலிங் அனுபவத்தால் பயனே இல்லையா? இருக்கு. லைட் எங்கே விழுது என்று புரியும். பல மணி நேரம் நின்றாலும் சோர்வு முகத்தில் தெரியாது. பத்து பேர் சுற்றி நின்று முடியைச் சரி செய்தாலும் கூச்சம் வராது. புதுமுகங்கள் செட்டில் திணறும் விஷயங்கள் இவை. மாடலுக்கு அந்தத் திணறல் இருக்காது. வேற திணறல் இருக்கும்.

முதல் படம்: ‘ராமன் ராகவ் 2.0’

2016 ஜூனில் வந்த அனுராக் காஷ்யப்பின் ‘ராமன் ராகவ் 2.0’தான் சோபிதாவின் முதல் படம். 1960களில் பம்பாயை நடுங்க வைத்த தொடர் கொலைகாரன் ராமன் ராகவின் பெயரை எடுத்துக்கொண்டு, இன்றைய மும்பையில் நடக்கும் கற்பனைக் கதை. கொலைகாரனாக நவாஸுதீன் சித்திக், போதைக்கு அடிமையான போலீஸ் அதிகாரியாக விக்கி கௌஷல். அந்த அதிகாரியின் காதலி சிம்மியாக சோபிதா.

ஒரு மாடலின் முதல் படம் என்றால் வழக்கமாக எப்படி இருக்கும்? வெளிநாட்டில் இரண்டு பாட்டு, ஹீரோவைப் பார்த்ததும் காதல், ஸ்லோ மோஷனில் பறக்கும் தலைமுடி. இதில் எதுவும் இல்லை. அடைத்த அறை, அடிக்கும் காதலன், பயத்தையும் கோபத்தையும் அடக்கிக்கொண்டு வாழும் பெண். படம் அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் ‘டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்’ பிரிவில் திரையிடப்பட்டது.

இந்த வாய்ப்பும் ஆடிஷன் வழியாக வந்ததுதான். 2010க்குப் பிறகு இந்தி சினிமாவில் ‘கேஸ்டிங் டைரக்டர்’ என்ற வேலை வலுவானது. யாருக்கு எந்த வேடம் பொருந்தும் என்று தேடுவதே அவர்கள் வேலை. சொந்தக்காரர், சிபாரிசு இல்லாதவர்களும் உள்ளே நுழைய ஒரு வாசல் திறந்தது அப்போதுதான்.

படம் வந்தது, அப்புறம்?

கான் வரைக்கும் போயாச்சு, இனி எல்லாம் ஏறுமுகம்தான் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. 2017ல் ‘செஃப்’, 2018 ஜனவரியில் ‘காலாகாண்டி’. இரண்டிலும் சைஃப் அலி கான் நாயகன். இரண்டும் தியேட்டரில் எடுபடவில்லை. இரண்டிலும் சோபிதாவுக்குச் சின்ன இடம்தான்.

2018 ஆகஸ்டில் தாய்மொழிக்கு வந்தார். அடிவி சேஷ் நடித்த ‘குடாச்சாரி’ அவரது முதல் தெலுங்குப் படம். உளவாளிக் கதை. வெற்றியும் பெற்றது. விசாகப்பட்டினத்தில் வளர்ந்த தெலுங்குப் பெண், மும்பை சுற்றி தெலுங்குக்கு வர 5 ஆண்டுகள் ஆனது.

திருப்புமுனை: ‘மேட் இன் ஹெவன்’ தாரா

2019 மார்ச் 8, மகளிர் தினம். அமேசான் பிரைமில் ‘மேட் இன் ஹெவன்’ வெளியானது. ஜோயா அக்தரும் ரீமா காக்டியும் உருவாக்கிய தொடர். முதல் சீசனில் 9 எபிசோடு. டெல்லியில் பணக்காரக் கல்யாணங்களை நடத்திக் கொடுக்கும் இரண்டு நண்பர்கள், கரணும் தாராவும். கரணாக அர்ஜுன் மாத்தூர், தாரா கன்னாவாக சோபிதா.

தாரா யார்? எளிய குடும்பத்தில் பிறந்தவர். பெரிய இடத்து நடை, உடை, பேச்சு என ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, தொழிலதிபர் வீட்டு மருமகள் ஆனவர். வெளியே ஒரு சுருக்கம் இல்லாத புடவை, அளந்து பேசும் ஆங்கிலம், நேரான முதுகு. உள்ளே எப்போதும் ‘நான் இந்த இடத்துக்குச் சொந்தமில்லைன்னு கண்டுபிடிச்சிடுவாங்களோ’ என்ற பயம். கணவனுக்கும் தன் நெருங்கிய தோழிக்கும் தொடர்பு இருப்பது தெரிய வரும்போது, அந்த வெளிப்பூச்சில் விரிசல் விழுகிறது.

இங்கேதான் மாடலிங் அனுபவம் வேற மாதிரி கை கொடுத்தது. தாரா வாழ்க்கை முழுக்க ‘போஸ்’ கொடுப்பவர். எப்படி நிற்கணும், எப்படி நடக்கணும், எப்படி உட்காரணும் என்று பயிற்சி எடுத்தவர். அதை நடிக்க, அந்தப் பயிற்சியை உண்மையிலேயே எடுத்த ஒருவர் கிடைத்தார். மற்ற படங்களில் மாடலின் நேரான முதுகு செயற்கையாகத் தெரியலாம். தாராவுக்கு அந்தச் செயற்கைத்தனம்தான் குணமே. அது எப்போது உடைகிறது என்பதைக் காட்டியதில்தான் நடிப்பு இருந்தது.

அதே 2019ல் இதற்கு நேர் எதிராக ஒரு வேடம். கீது மோகன்தாஸ் இயக்கிய ‘மூத்தோன்’. நிவின் பாலி நாயகன். லட்சத்தீவில் தொடங்கி மும்பையில் முடியும் கதை. அதில் ரோஸி என்ற பாலியல் தொழிலாளியாக சோபிதா. படம் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ஒரே ஆண்டில் டெல்லி பங்களா தாராவும், மும்பைச் சந்து ரோஸியும். ‘அழகான பொண்ணு’ என்ற ஒற்றை அடையாளம் அங்கே கழன்றது.

சினிமாவா, சீரிஸா? மாடலுக்கு எது வசதி?

முன்பு மாடல்கள் டிவிக்கு வந்தால் ‘சினிமா சான்ஸ் கிடைக்கலை போல’ என்று பேசுவார்கள். ஓடிடி வந்த பிறகு அது மாறியது. காரணங்கள் இவை.

நேரம் கிடைக்கும்: இரண்டரை மணி நேரப் படத்தில் புதுமுகத்துக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். 9 எபிசோடு தொடரில் மணிக்கணக்கில் திரையில் இருக்கலாம். ரசிகர்கள் முகத்தைப் பார்த்துப் பழகி, அதைத் தாண்டி மனுஷியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

பாத்திரத்துக்கு ஆள்: தியேட்டர் படத்துக்கு முதல் நாள் வசூல் முக்கியம், அதனால் தெரிந்த முகம் வேணும். தொடரில் பாத்திரத்துக்குப் பொருந்தும் புது முகத்தைப் போடத் துணிவார்கள்.

கஷ்டமும் உண்டு: தொடரைக் கதை வரிசைப்படி எடுக்க மாட்டார்கள். ஒரே வீட்டில் நடக்கும் முதல் எபிசோடு காட்சியும் ஏழாவது எபிசோடு காட்சியும் அடுத்தடுத்து எடுக்கப்படலாம். காலையில் சந்தோஷமான மனைவி, மதியம் ஏமாற்றப்பட்ட மனைவி. பாத்திரத்தின் மனநிலை எந்த இடத்தில் என்ன என்பதை நடிகர் மனசில் வரைபடம் போல வைத்திருக்கணும்.

தாராவுக்குப் பிறகு சோபிதா இரண்டு பக்கமும் மாறி மாறி நடித்தார். நெட்ஃபிளிக்ஸில் ‘பார்ட் ஆஃப் ப்ளட்’, துல்கர் சல்மானுடன் ‘குருப்’, மும்பை தாக்குதலில் உயிர் நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் வாழ்க்கையைச் சொன்ன ‘மேஜர்’. 2023ல் அனில் கபூர், ஆதித்யா ராய் கபூருடன் ‘தி நைட் மேனேஜர்’. இது 2016ல் வந்த பிரிட்டிஷ் தொடரின் இந்திய வடிவம். 2024ல் சர்வதேச எம்மி விருதுக்குச் சிறந்த நாடகத் தொடர் பிரிவில் பரிந்துரையானது.

யாரும் பேசாத தடை: குரல்

மாடலை நடிகை ஆக்குவதில் கடைசித் தடை குரல். போட்டோவுக்குக் குரல் வேண்டாம். சினிமாவில் குரல்தான் பாதி ஆள்.

சில உதாரணங்கள் பாருங்க. 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னத்தின் ‘இருவர்’ ஐஸ்வர்யா ராயின் முதல் படம். இரண்டு வேடம். திரையில் முகம் ஐஸ்வர்யாவுடையது, குரல் நடிகை ரோகிணியுடையது. 2007ல் ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் தீபிகா இந்திக்கு அறிமுகமானார். அதிலும் குரல் அவருடையது இல்லை. டப்பிங் கலைஞர் மோனா கோஷ் ஷெட்டி பேசினார். நாம் கொண்டாடிய ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஜெஸ்ஸியும், ‘96’ ஜானுவும்? த்ரிஷாவின் முகத்துக்கு சின்மயியின் குரல்.

இதில் யாரையும் குறை சொல்ல எதுவும் இல்லை. தெரியாத மொழியில் நடிக்கும்போது டப்பிங் தேவைதான். அது தனிக் கலை. ஆனால் புதிதாக வரும் மாடலுக்கு இது ஒரு பாதுகாப்பு வளையமாகவும் இருந்தது. முகத்தைக் கொடுத்தால் போதும், குரலை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

அந்த வளையம் இந்தியில் மெல்ல மறைந்தது. 2001ல் ‘லகான்’ படம் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்து எடுக்கப்பட்டது. ‘சிங்க் சவுண்ட்’ என்று சொல்வார்கள். அதன் பிறகு இந்தியில் இந்த முறை பரவியது. செட்டில் என்ன பேசுகிறாரோ, அதுதான் தியேட்டரில் கேட்கும். உச்சரிப்பு, மூச்சு, தயக்கம் எதையும் பிறகு மறைக்க முடியாது. சோபிதா இந்திக்கு வந்தது இந்தக் காலத்தில். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பெண், டெல்லி மேல்தட்டு ஆங்கிலமும் இந்தியும் பேசும் தாராவாக நம்ப வைக்க வேண்டியிருந்தது.

மூன்று பேர், மூன்று வழி

மறுபடியும் ‘பொன்னியின் செல்வன்’ பக்கம் வருவோம். மூவரும் வந்த வழி ஒன்றல்ல.

ஐஸ்வர்யா ராய்: உலக அழகி பட்டத்துக்கு முன்பே விளம்பரங்களில் பிரபலம். 1993ல் ஆமிர் கானுடன் நடித்த பெப்சி விளம்பரம் பெரிய அளவில் பேசப்பட்டது. முதல் படமே மணிரத்னம். ஆனால் நடிகையாக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது 1999ல் வந்த ‘ஹம் தில் தே சுகே சனம்’ படத்துக்குத்தான். உலக அழகிக்கே 5 ஆண்டுகள்.

த்ரிஷா: மிஸ் சென்னை ஆன 1999லேயே ‘ஜோடி’ படத்தில் சிம்ரனின் தோழியாக வந்து போனார். வசனம் கூட இல்லாத அளவுக்குச் சின்ன இடம் என்று சொல்லலாம். நாயகியாக ‘மௌனம் பேசியதே’ வந்தது 2002ல். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாயகியாகவே நிற்பது அதை விடப் பெரிய சாதனை.

சோபிதா: பெரிய அறிமுகம் இல்லை, சொந்த ஊர் சினிமாவும் இல்லை. ஆடிஷன் வழியாகச் சின்னப் படம், பிறகு சீரிஸ், பிறகு பெரிய படம்.

2022 செப்டம்பர் 30ல் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28ல் இரண்டாம் பாகம். கல்கியின் வானதி கொடும்பாளூர் இளவரசி, அருள்மொழி வர்மனை நேசிப்பவள், அடிக்கடி மயங்கி விழுபவள் என்று நாவல் படித்தவர்களுக்குத் தெரியும். படத்தில் அவருக்கு நேரம் குறைவு. ஆனாலும் தமிழ் ரசிகர்கள் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

டைம்லைன்: சோபிதாவின் பயணம்

2013: மிஸ் இந்தியா எர்த் பட்டம், மிஸ் எர்த் போட்டி
2014: கிங்ஃபிஷர் காலண்டர்
2016: ‘ராமன் ராகவ் 2.0’, முதல் படம்
2018: ‘குடாச்சாரி’, முதல் தெலுங்குப் படம்
2019: ‘மேட் இன் ஹெவன்’ முதல் சீசன், ‘மூத்தோன்’
2021: ‘குருப்’
2022: ‘மேஜர்’, ‘பொன்னியின் செல்வன் 1’
2023: ‘தி நைட் மேனேஜர்’, ‘பொன்னியின் செல்வன் 2’, ‘மேட் இன் ஹெவன்’ இரண்டாம் சீசன்
2024: தேவ் படேல் இயக்கிய ஆங்கிலப் படம் ‘மங்கி மேன்’, ஜீ5ல் ‘லவ், சிதாரா’

மாடலிங்கில் இருந்து நடிக்க வர நினைக்கிறீங்களா? இதைக் கவனிங்க

சோபிதா கதையைப் படிச்சுட்டு ‘நானும் முயற்சி பண்ணலாமே’ என்று தோன்றினால், நல்லது. ஆனால் இந்த ஆசையை வைத்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் விலகிடுங்க. நேர்மையாக நடக்கும் கேஸ்டிங்கில் நடிக்க வருபவரிடம் பதிவுக் கட்டணம், ‘கோ-ஆர்டினேஷன் சார்ஜ்’ எதுவும் வாங்க மாட்டார்கள். வேலைக்குச் சம்பளம் உங்களுக்கு வரணும், உங்களிடம் இருந்து போகக் கூடாது.

‘எங்க போட்டோகிராபர்கிட்டதான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்’ என்று கட்டாயப்படுத்தினாலும் சந்தேகப்படுங்க. நல்ல வெளிச்சத்தில் எடுத்த நாலு தெளிவான போட்டோவும், ஒரு சின்ன நடிப்பு வீடியோவும் தொடக்கத்துக்குப் போதும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. எத்தனை வருஷம், வேறு படத்தில் நடிக்கலாமா, போட்டோவை எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று கேளுங்க.

படப்பிடிப்புத் தளமும் வேலை செய்யும் இடம்தான். 2013ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கேயும் பொருந்தும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். ‘இந்தக் கம்பெனியில் குழு இருக்கா?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

கடைசியா, குரலுக்கும் மொழிக்கும் உழைங்க. முகம் பிறவியில் வருவது. உச்சரிப்பு, மூச்சு, வசனம் இதெல்லாம் பயிற்சியில் வருவது. ஆடிஷன் அறையில் உங்கள் கையில் இருப்பது இரண்டாவது மட்டும்தான்.

கடைசியாக ஒரு குரல்

2024 ஜூன் 27ல் ‘கல்கி 2898 ஏடி’ வெளியானது. பிரபாஸ், அமிதாப் பச்சன், கமல்ஹாசன், தீபிகா படுகோன் நடித்த படம். தீபிகாவுக்குச் சுமதி என்ற வேடம். தெலுங்குப் பதிப்பில் அந்த சுமதிக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? சோபிதா துலிபாலா.

திரையில் இருப்பதும் ஒரு முன்னாள் கிங்ஃபிஷர் காலண்டர் மாடல், குரலும் ஒரு முன்னாள் கிங்ஃபிஷர் காலண்டர் மாடல். விளம்பர அறையில் ‘வெள்ளையா இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர், தன் முகமே தெரியாத ஒரு வேலைக்கு அழைக்கப்பட்டார். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரிடம் யாரும் நிறம் பார்க்கவில்லை. தெலுங்கு எப்படிப் பேசுகிறார் என்று மட்டும்தான் கேட்டார்கள்.